முனியராஜின் தட்டு

எனக்குத் தொலைக்காட்சி பார்க்கும் பழக்கம் கிடையாது. மாலை வேளையில் ஒரு நீதிக்கதையை அசைபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதே ஓய்வுபெற்ற ஆசிரியனுக்குப் போதுமான பொழுதுபோக்கு. அந்தப் பேய்த்தொடரை நான் பார்க்கத் தொடங்கியதுகூட முனியராஜின் நன்மைக்காகத்தான். ஐயா, நீங்கள் எழுதும்போது இதை முதலில் எழுதிக்கொண்டால் மற்றவை விளங்குவது எளிது.

முனியராஜ் என் மருமகன் மணிகண்டராஜின் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிறவன். ஏழாயிரம்பண்ணையில் என் வீட்டில் பாத்திரம் துலக்கும் சின்னத்தாயின் மகன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். கேட்ட கதையை அப்படியே நம்பிவிடுகிற மாணவன்.

அன்று கலந்த மருந்தை அன்றே செலவழிக்க வேண்டும், மிஞ்சினால் பொழுது சாய்வதற்குள் அழித்துவிட வேண்டும் என்பது ஆலை விதி. சனிக்கிழமை மிச்சம் ஞாயிறு முழுவதும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கிடந்தால் திங்கட்கிழமை அதை யாரும் நம்ப முடியாது. தீபாவளி சீசன். வடக்கே போகவேண்டிய லோடு நின்றுகொண்டிருந்தது. அழிக்க வேண்டாம், வைத்திரு என்றார் மணிகண்டராஜ். முனியராஜ் ஒருமுறை மறுத்தான், பிறகு வைத்தான். திங்கட்கிழமை காலையில் அந்த அறையே இல்லாமல் போயிற்று. உள்ளே இருந்த மூன்று பெண்களில் ஒருத்தி ரோஜா, அவன் மனைவி. திரி எடுக்கப் போயிருந்த அவன் ஓடிவந்து நெருப்புக்குள் கையை விட்டான். கை வெந்ததுதான் மிச்சம்.

வைத்திரு என்று சொன்னதைக் கேட்டவர்களில் உயிரோடு இருந்தவன் அவன் மட்டுமே. கோட்டாட்சியர் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். என் மகள் ஸ்ரீமதி வந்து அழுதாள்.

“அப்பா, அவன் வாயத் தொறந்தா அவுக உள்ள போயிருவாக. பிள்ளைகள வச்சுக்கிட்டு நான் எங்கன போவேன்?”

மிரட்டுவது பண்பாகாது என்று அவளுக்குச் சொன்னேன். ஒருவனை அவனுடைய மனச்சாட்சியின் வழியாகத்தான் அணுக வேண்டும்.

அதனால் முனியராஜைத் தினமும் மாலையில் சாப்பிடக் கூப்பிட்டேன். ஒளிப்பானேன், எனக்கு அது பெரிய சோதனையாக இருந்தது. அவன் கைக்கட்டிலிருந்து நீர் கசியும். ஈக்கள் அதைவிட்டு நகராது. அவன் உட்கார்ந்த நாற்காலியில் அலுமினியப் பொடி வெள்ளியாக ஒட்டிக்கொள்ளும். எத்தனை முறை துடைத்தாலும் போகாது. இடக்கையால் உண்ணப் பழகாதவன் குழந்தையைப் போல மேலெல்லாம் சிந்துவான். அவனுக்கென்று ஒரு தட்டைத் தனியே வைத்தேன். அதற்குச் சாதி காரணமல்ல. சுத்தம் மட்டுமே காரணம்.

“மொதலாளியோட மாமனார்னு பாக்காம எனக்குச் சோறு போடுதீக சார்” என்று ஒருநாள் என் காலைத் தொட்டான். அவன் போன பிறகு காலைக் கழுவிக்கொண்டேன்.

சின்னத்தாய் வேலையை முடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்ப்பாள். கதை இதுதான்: பண்ணையார் ஆணையிட, ஆதிகேசவன் என்கிற வேலையாள் ஒரு வீட்டை வெளியே பூட்டுகிறான். உள்ளே மரகதம் என்பவள் எரிந்து சாகிறாள். பேயாக வந்த மரகதம் பண்ணையாரை விட்டுவிட்டு, பூட்டிய கையைத் தேடி வருகிறாள். அவள் நெருங்கும்போதெல்லாம் ஆதிகேசவனின் இலையில் கருகல் நாற்றம் எழுகிறது. மட்டமான கதை, பார்க்கக் கூசியது.

“செத்தவளுக்கு எதுக்குலே இம்புட்டு நகை? நெருப்புல உருகலையாக்கும்?” என்பாள் சின்னத்தாய்.

முனியராஜ் சிரிக்கமாட்டான். ஆதிகேசவன் இலையைத் தள்ளிவிட்டு எழுந்த அன்று, இவனும் கையை உதறிவிட்டு எழுந்தான். அப்போதுதான் ஓர் ஆசிரியருக்கு எப்போதாவது கிடைக்கும் தெளிவு எனக்குக் கிடைத்தது.

மறுநாள் அவனுக்கு ஒரு கதை சொன்னேன். காட்டில் வைக்கோற்போர் எரிந்தது. பந்தத்தைப் பிடித்தது குரங்கு. பிடிக்கச் சொன்னது நரி. சிங்கராசா தீர்ப்பளித்தது: சொன்ன சொல் காற்றோடு போயிற்று, பிடித்த கையில்தான் கரி இருக்கிறது.

“அந்த நரி என்னாச்சு சார்?” என்றான்.

“கதை அவ்வளவுதான்.”

சின்னத்தாய் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏன் வாத்தியாரய்யா, அந்தச் சிங்கம் நரி வீட்டுல பொண்ணு கொடுத்திருக்கோ?”

அவளுக்கு வாய் அதிகம். நான் பொறுத்துக்கொண்டேன்.

கந்தகத்தைச் சித்த மருத்துவத்தில் முறைப்படி சுத்திசெய்து உள்ளுக்குக் கொடுப்பார்கள் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். நான் போட்டது ஆலையிலிருந்து கொண்டுவந்தது, சுத்திசெய்யாதது; ஆயினும் ஒரு சிட்டிகைதான். ஒரு கரண்டியில் வைத்து நெருப்பில் லேசாகக் காட்டி, அவனுடைய தட்டில் மட்டும் தடவிவிட்டு, அதன்மேல் சோற்றைப் போடுவேன். முதல் நாள் ஒரு வாய் வைத்ததும் நிறுத்திவிட்டான்.

“சார், சோத்துல வாசம் அடிக்கி.”

என் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து உண்டேன். “எனக்கு ஒன்றும் தெரியவில்லையே.”

“எம்மா, ஒனக்கு?”

பானையிலிருந்து போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சின்னத்தாய், “ரசம் நல்லாத்தானே இருக்கு. தின்னுலே” என்றாள்.

அவன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். “ரோஜா வேலை முடிஞ்சு வந்தா இப்படித்தான் சார் அடிக்கும். தலமுடியில” என்றான். அன்று அவன் தட்டிலேயே வாந்தியெடுத்தான். அதை அள்ளிக் கொட்டியவன் நான்தான். எனக்கு இரண்டு நாள் உணவு இறங்கவில்லை. எவ்வளவு அருவருப்பைச் சகித்துக்கொண்டு இந்தக் காரியத்தைச் செய்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தினமும் தடவவில்லை. தொடரில் பேய் வருகிற நாட்களில் மட்டும். ரோஜா எதற்காக வருகிறாள் என்று கேட்பான். கலந்த கை ஒப்புக்கொள்ளும்வரை வருவாள் போலிருக்கிறது என்பேன். நான் பொய் சொல்லவில்லை, ஐயா. கலந்தது அவன் கைதானே? அவன் உறுதியாக மறுத்திருந்தால் மூன்று பேரும் இருந்திருப்பார்கள் அல்லவா? இந்தக் கேள்விக்கு அவனிடமும் விடை இல்லை, உங்களிடமும் இருக்காது. விசாரணையில் அவன் சொல்ல வேண்டியதில், ‘மணிகண்டராஜ் அழிக்கச் சொன்னார், நான்தான் சொல்பேச்சுக் கேளாமல் வைத்தேன்’ என்கிற கடைசி வரியை மட்டும் நான் சேர்த்துக் கொடுத்தேன். “அப்படி அவரு சொல்லலையே சார்” என்றான். “ஒப்புக்கொள்கிறவன் பாதியை அடுத்தவன் தலையில் வைக்கலாமா?” என்று கேட்டேன்.

விசாரணைக்கு முந்தைய நாள் ஒரு சங்கடம் நேர்ந்தது. அன்றைய தொடரில் மரகதம் ஆதிகேசவனை மன்னித்துவிட்டுப் பண்ணையாரின் மாளிகைக்குள் நுழையப் போகிறாள் என்று காலையிலிருந்தே முன்னோட்டம் காட்டினார்கள். கதை எழுதுகிறவர்களுக்குப் பொறுப்பு வேண்டாமா? பெட்டியின் பின்னால் இருந்த கேபிள் வயரைப் பிடுங்கி உள்ளே தள்ளிவிட்டேன்.

“நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு” என்றாள் சின்னத்தாய். “ஏலே, நீ வயரப் பாருலே.”

“நாளைக்கு விசாரணை. அவன் அமைதியாக இருக்கட்டும்” என்றேன். அன்று அவன் தட்டில் சற்று அதிகமாகவே தடவினேன்.

மறுநாள் முனியராஜ் அதிகாரிகளுக்கு முன்னால் நின்று, நான் சேர்த்த வரி உட்பட, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தான். அவனைக் கைது செய்து விருதுநகருக்குக் கொண்டுபோனார்கள். மணிகண்டராஜ் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். ஸ்ரீமதி நன்றாகத் தூங்கினாள்.

சின்னத்தாய் வேலையை விட்டு நின்றுவிட்டாள். சம்பளம் வாங்க வந்தபோது வாசலிலேயே நின்று, “அந்தப் பேயி பண்ணையாரத்தான் புடிச்சிச்சாம். பக்கத்து வீட்டுல சொன்னாக. பேய்க்கு இருக்க புத்தி எம் மகனுக்கு இல்லாமப் போச்சே, வாத்தியாரய்யா” என்றாள். அதை ஒரு வசவாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

சிறைக்கு அவனைப் பார்க்கப் போனவன் நான் மட்டுமே. ஒப்புக்கொண்ட மகன்மேல் கோபம் தீராத சின்னத்தாயின் கால் அந்தப் படியை மிதிக்காது. அங்கே காவலராக இருக்கும் சீனிவாசகம் என் பழைய மாணவர். மெலிந்திருந்தாலும் முனியராஜ் தெளிவாக இருந்தான். இப்போது நிம்மதிதானே என்று கேட்டேன். அவன் அழுதான்.

“இங்கன சோத்துல வாசமே இல்ல சார். ஒப்புக்கிட்டதும் போயிட்டா. அது அடிக்கையில பயந்தேந்தான்; ஆனா அவ பக்கத்துல உக்காந்திருக்க மாதிரி இருந்துச்சு. இப்ப ஒண்ணுமே இல்ல சார். ஒருக்கா வந்தாப் போதும்.”

அவன் மூக்கிலிருந்து ஒழுகியது வாய்வரை வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆயினும் எனக்கு இரக்கம் உண்டு. அடுத்த வாரம் சீனிவாசகத்திடம் சொல்லித் தயிர்ச்சாதம் கொண்டுபோனேன். ஒரு சிட்டிகை போட்டிருந்தேன். முதல் கவளத்திலேயே அவன் கண்ணை மூடிக்கொண்டான். பருக்கை மிச்சமில்லாமல் வழித்து உண்டான். அதிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறியதில்லை. அவன் வயிறு புண்ணாகிவிட்டதாக மருத்துவர் சொன்னபிறகுதான் நீங்கள் என் தூக்குவாளியைப் பரிசோதனைக்கு எடுத்துப் போனீர்கள்.

ஆம், போட்டவன் நான்தான். வாளியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஐயா. நாளை வெள்ளிக்கிழமை, அவன் எனக்காகக் காத்திருப்பான்.