கிணற்றடியில் ஒன்பது மணி

சாயங்காலம் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு காலேஜ் பெண்கள். மறுநாள் அவர்களுக்கு இன்டர்மீடியட் பரீட்சை. ஒருத்தி புத்தகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மற்றவள் கமலம். அவள் தன் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள்:

“நாளைக்கு ஒம்பது மணிக்கு வாந்தி எடுக்கணும். பத்துக்குப் பரீட்சை.”

“என்னட்டி இது, பஸ் வாற நேரம் மாதிரி?” சிநேகிதி சிரித்தாள்.

“எனக்கு எல்லாப் பரீட்சைக்கும் வருமே. மார்ச்சுல அடக்கிப் பாத்தேன். தண்ணிகூடக் குடிக்கல்ல. பாதிப் பரீட்சையில வந்துட்டு. வெளிய ஓடினேன், திரும்ப உள்ள விடல்ல. அதான் இப்ப செப்டம்பர்ல எழுதுகேன்.”

“இப்ப பயம் போயிட்டா?”

“எங்க போவ? அடக்கினாத்தான் நேரங்கெட்ட நேரத்துல வருகு. அதனால எட்டு மணிக்குக் கஞ்சி குடிப்பேன். ஒம்பதுக்கு காலேஜ் கிணத்தடியில எல்லாத்தையும் முடிச்சிட்டு, வாய் கொப்பளிச்சிட்டு, பத்துக்குப் போயி இருந்திருவேன். இந்தத் தடவ கடைசிக் கேள்வியையும் எழுதாம எழும்ப மாட்டேன், பாத்துக்கோ.”

“ஒம்பதுக்கு வரல்லன்னா?”

“வரல்லன்னா ரொம்ப நல்லது. வாயை மட்டும் கொப்பளிச்சிட்டுப் போவேன்.”

சிநேகிதி மறுபடியும் புத்தகத்தில் குனிந்தாள். சுசீந்திரம் தாண்டியும் அவள் மடியில் அதே பக்கம்தான் திறந்து கிடந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“கமலம், கிணத்தடியில எனக்கும் எடம் இருக்குமாட்டி?”

“இருக்கும். ஆனா ஒம்பது எனக்கு. நீ ஒம்பதே காலுக்கு வா.”