ஓரங்கட்டி தீர்த்தகிரி

மேடையில் அமர்ந்திருக்கும் லாரி உரிமையாளர் சந்திரசேகர் அவர்களே, ஓட்டுநர் சங்கத் தலைவர் ராசு அண்ணன் அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தீர்த்தகிரி அண்ணனின் மனைவி, என் அண்ணி ஆராயி அவர்களே, அவர்கள் மகள் இலக்கியா, வெண்ணந்தூரிலிருந்து வந்திருக்கும் சொந்தபந்தங்களே, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இன்றைக்கு ஒரு நாள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் ஓட்டுநர் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் முருகானந்தம். ஊர் பரமத்தி வேலூர். மறைந்த தீர்த்தகிரி அண்ணனோடு ஒரே கேஸ் டேங்கரில் இரண்டாவது டிரைவராக ஓடியவன். மைக் முன்னால் நிற்பது இதுதான் முதல் தடவை. கால் நடுங்குகிறது. மேசைத் துணி மறைத்திருப்பதால் உங்களுக்குத் தெரியாது. பின்னால் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்குத் தெரிந்திருக்கும்.

இந்த மண்டபத்து வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் துக்கம் விசாரித்துவிட்டுக் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அந்த வண்டிய இனி யாருங்க எடுக்கறது? நீங்கதானுங்களே?" அண்ணன் போன நாளிலிருந்து வண்டி ஷெட்டில் நிற்கிறது. முதலாளியும் கேட்டுவிட்டார். கூட்டத்தில் பதில் சொல்கிறேன் என்று தவணை வாங்கியிருக்கிறேன். இன்று காலைவரை என் பதில், முடியாது என்பதுதான். ஏன் என்று கேட்கிறீர்களா? எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

எப்படிப்பட்ட பயம் தெரியுமா? வீட்டில் மனைவி அடுப்பைப் பற்றவைக்க லைட்டரைத் தட்டினால், நான் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே நிற்கிறேன். போன வாரம் வண்டியைத் துடைக்கலாம் என்று கேபினில் ஏறினேன். ஸ்டியரிங்கைத் தொட்டதும் உள்ளங்கை நனைந்துவிட்டது. இறங்கிவிட்டேன். இத்தனை வருசம் இந்தப் பயம் எங்கே போயிருந்தது? அதுவும் எனக்குத் தெரியும். அண்ணன் பக்கத்தில் இருந்தவரை நான் பயப்பட வேண்டிய பங்கையும் அவரே சேர்த்துப் பயந்துகொண்டிருந்தார். அவர் பயந்தார், நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

தோழர்களே, இரங்கல் கூட்டம் என்றால் இறந்தவரை வீரர் என்பார்கள், சூரர் என்பார்கள். தீர்த்தகிரி அண்ணனை அப்படிச் சொல்லட்டுமா? சொன்னால் நீங்களே சிரித்துவிடுவீர்கள். நாமக்கல், சங்ககிரி, ராசிபுரம் மூன்று ஊரையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் அவரைப்போல் பயந்த டிரைவர் கிடைக்க மாட்டார். அதனால்தானே அவருக்கு 'ஓரங்கட்டி' என்று பட்டம் கட்டினோம்? மழை தூறினால் ஓரங்கட்டுவார். பனி இறங்கினால் ஓரங்கட்டுவார். எதிரே வருகிற பஸ் டிரைவர் கொட்டாவி விட்டதைப் பார்த்துவிட்டு, அந்த பஸ் கண்ணுக்கு மறையும்வரை ஓரங்கட்டிய மனிதர் அவர்.

டீக்கடையைக் கண்டால் நாமெல்லாம் டீ வாசனையைப் பார்ப்போம். அவர் அடுப்பைப் பார்ப்பார். அடுப்பு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டி நிற்கக்கூடாது. தாண்டிப் போய், வளைவு திரும்பி, வேப்பமரமோ புளியமரமோ பார்த்து நிறுத்திவிட்டு, அங்கிருந்து திரும்பி நடக்க வேண்டும். அவரோடு நான் டீ குடிக்க நடந்த தூரத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போயிருந்தால் புண்ணியமாவது சேர்ந்திருக்கும்.

முதலாளி அவர்களே, நீங்கள் சிரிக்கிறீர்கள். அப்போது சிரித்தீர்களா? வண்டி எங்கே நிற்கிறது என்று உங்கள் போனில் தெரிந்துவிடும். உடனே கூப்பிடுவீர்கள்.

"ஏனப்பா தீர்த்தகிரி, வண்டி ஏன் நிக்குது?"

"பயமா இருக்குதுங்க. ஓரங்கட்டீட்டனுங்க."

"எதுக்கப்பா பயம்?"

"அது தெரியலீங்க. தெரிஞ்சா ஓட்டீருவனுங்களே."

நீங்கள் போனை வைத்துவிடுவீர்கள். அண்ணன் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, டயரைச் சுற்றி வந்து, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, பயம் தெளிந்த பிறகுதான் ஏறுவார்.

தொப்பூர் கணவாய் உங்களுக்கெல்லாம் தெரியும். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது டீசலை மிச்சம் பண்ண நியூட்ரலில் விடுகிற மகராசன்கள் நம்மில் இருக்கிறார்கள். யார் யார் என்று நான் சொல்லவில்லை, தலையைக் குனிந்தவர்களை எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம். அண்ணன் அங்கே முதல் கியரில் இறங்குவார். ஒருமுறை ரோட்டோரம் ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவர் எங்களோடு சமமாக நடந்து வந்து, அண்ணாந்து பார்த்து, "ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா? தள்ளி உடட்டுங்களா?" என்று கேட்டார். லோடு ஏற்றிய டேங்கரை இறக்கத்தில் தள்ளிவிட ஆள் கிடைத்தது எங்களுக்கு மட்டும்தான்.

ஆனால் இன்னொரு நாள் அதே கணவாயில், பாதி இறக்கத்திலேயே அண்ணன் ஓரங்கட்டினார். "சித்த இரு சாமி, மனசு சரியில்லை" என்றார். எனக்குக் கோபம். ஊர் நெருங்கிவிட்டதே, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாமே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு டிரெய்லர் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. டயரிலிருந்து புகை. பிரேக் போய்விட்டது. அந்த டிரைவரின் முகத்தை நான் பார்த்தேன். அதை இங்கே சொல்ல மாட்டேன். அவருக்கும் எங்கோ ஒரு ஊரில் இப்படிக் கூட்டம் போட்டு, இப்படி முன்வரிசையில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். நாங்கள் அப்போது ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்திருந்தால் அது எங்கள் பின்னால்தான் வந்து மோதியிருக்கும். எங்கள் பின்னால் இருந்தது டேங்க்.

பார்த்தாயா, நான் சொன்னது சரியாகப் போனதா என்று அண்ணன் கேட்டாரா? இல்லை. ரோட்டோரம் குந்தி வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு, அந்த டிரைவருக்காகக் கைகூப்பி நின்றார். நூறு தடவை பயந்ததில் தொண்ணூற்றொன்பது வீண்தான். அந்த ஒன்று எது என்று முன்கூட்டியே தெரியாததால்தான் அத்தனைக்கும் பயந்தார்.

இனி, அவர் சாமியாரான கதை. பாதிப் பேருக்குத் தெரியும், கூட்டிக் குறைத்துக் கேட்டிருப்பீர்கள். நான் கூட இருந்தவன், நடந்ததைச் சொல்கிறேன். விசாகப்பட்டினத்தில் லோடு ஏற்றிக்கொண்டு ராய்ப்பூர் போகிறோம். ஒடிசாவில் ஒரு காட்டுப் பாதை. மாலை வெயில். திரும்பினால் ரோட்டின் குறுக்கே மரத்தைப் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம், கையில் தடி. வண்டிகளை மறித்து ஊர்ப் பூஜைக்குப் பண வசூல்தான். ஆனால் தடியைப் பார்த்தால் பூஜை என்றா தோன்றும்? நாலைந்து பேர் கேபின் கதவைத் தட்டினார்கள். எனக்கு இந்தி வராது. உயிர்தான் வாய்வரை வந்தது. "சாமீ, சாமீ" என்று அண்ணனைக் கட்டிக்கொண்டு கத்திவிட்டேன்.

நம் பக்கத்தில் பெரியவரும் சாமிதான், தொட்டில் பிள்ளையும் சாமிதான். இலக்கியாவிடம் போனில் "சாப்ட்டியா சாமி?" என்று அண்ணன் கேட்காத நாள் உண்டா? அதே சாமிதான் என் வாயிலும் வந்தது. அங்கே இருந்த கிழவர் ஒருவர் ராமேசுவரம் போய்வந்தவராம். தெற்கே சாமி என்றால் சாமியார்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். சவரம் செய்யாத தாடி. நெற்றி நிறைய விபூதி. கிரீஸ் கறை தெரியக்கூடாது என்று அவர் எப்போதும் கட்டுகிற காவி வேட்டி. கிழவர் தடியைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார். அவர் கும்பிட்டதைப் பார்த்து எல்லாத் தடியும் கீழே விழுந்தது.

அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். தப்பித்தோமா? சாமியாரை வெறுமனே அனுப்புவார்களா? ஆள் ஓடிப்போய் ஊருக்குள் சொல்லிவிட்டான். கொஞ்ச நேரத்தில் பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஆளுக்கொரு தட்டு. தட்டில் பூ, தேங்காய், நடுவில் கற்பூரம், எரிகிற கற்பூரம்! பின்னால் லோடு நிறைந்த டேங்க். முன்னால் ஊரே திரண்டு நெருப்போடு வருகிறது. அதுவும் எங்களை வணங்குவதற்கு.

தோழர்களே, தனக்கு ஆரத்தி எடுக்க வந்தவர்களைக் கண்டு கேபினிலிருந்து குதித்து ஓடிய சாமியாரை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டிக்கு எதிர்ப்பக்கமாக வயலில் இறங்கி ஓடினார். சாமி நம்மைச் சோதிக்கிறார் என்று நினைத்து, ஊரும் தட்டோடு பின்னால் ஓடியது. அவர் எனக்காகவும் வண்டிக்காகவும் ஓடினார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. நெருப்பைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். தூரத்தில் ஒரு குளத்தங்கரையில் நின்றார்.

இங்கே நான் வண்டியோடு தனியாக. என் பக்கத்தில் நின்ற ஒரு வாலிபர் சாவகாசமாகப் பீடியை எடுத்து வாயில் வைத்துத் தீப்பெட்டியைத் திறந்தார். நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்து இரண்டு காலையும் பிடித்துக்கொண்டேன். சீடனுக்கே இவ்வளவு பணிவா என்று அவர் பதறிப்போய், தீப்பெட்டியைக் கீழே போட்டுவிட்டு என் காலில் விழுந்தார். தீப்பெட்டியை எடுத்து மடியில் செருகிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

குளத்தங்கரையில் அண்ணன் நின்ற நிலையை ஓடிப்போய்ப் பார்த்தேன். கை, கால், தாடி எல்லாம் நடுங்குகிறது. அருள் வந்துவிட்டது என்று பெண்கள் குலவையிடுகிறார்கள். கிழவர் வாக்குக் கேட்டார். அண்ணன் வண்டியைக் காட்டி, கற்பூரத்தைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து, "வண்டிகிட்ட நெருப்புக் கொண்டாராதீங்க சாமி, கும்பிடறேன் சாமி, அல்லாரும் போயிருவோம் சாமி" என்று அழுதார். கிழவருக்குப் புரிந்தது அந்த ஒரு சொல்தான். சாமியாரே நம்மையெல்லாம் சாமி என்கிறாரே என்று அவரும் அழுதார். கைச்சாடையில் நெருப்பு விசயமும் ஒருவழியாகப் புரிந்துவிட்டது. மரத்தை அவர்களே தூக்கிப் போட்டு வழிவிட்டார்கள்.

இன்றைக்கும் அந்த ஊரில் கேஸ் வண்டி நின்றால் பீடி பிடிக்கிறவனை ஊர்க்காரர்களே விரட்டுகிறார்கள். சாமி வாக்கு என்கிறார்கள். இந்தப் பக்கத்து டிரைவர்கள் பலர் அங்கே வண்டியை நிறுத்தித் தூங்கியிருக்கிறீர்கள். ஒரு மனிதர் பயந்ததில் கிடைத்த தூக்கம் அது.

அண்ணன் எப்படிப் போனார்? கோயில் விசேசத்துக்கு லீவு போட்டு வெண்ணந்தூர் வந்தார். மதியம் சாப்பிட்டார். கட்டிலில் படுத்தார். மாரடைப்பு. மகள் தண்ணீர் கொடுக்க, மனைவி மடியில் தலைவைத்துப் போய்ச் சேர்ந்தார். எத்தனை ரோடு, எத்தனை மலை, எத்தனை இறக்கம்! ஒன்றாலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. நம் தொழிலில் சொந்த வீட்டுக் கட்டிலில் சாவது எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது? அதை நினைத்தால் எனக்குச் சந்தோசமாகவும் இருக்கிறது, அழுகையாகவும் வருகிறது.

இன்று காலை சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் ஷெட்டுக்குப் போனேன். கேபினில் கிடந்த அண்ணனின் துணிமணிகளை எடுத்துப் போக அண்ணியும் வந்திருந்தார். போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே முதலாளி என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "முடியலீன்னா உடு முருகானந்தம். வேற ஒரு ஆளு இருக்கறான். பயம்னா என்னான்னே தெரியாது அவனுக்கு. புயல் மாதிரி ஓட்டுவான்" என்றார்.

அண்ணி மடிப்பதை நிறுத்திவிட்டார். "ஏனுங்க, அப்பிடிப்பட்ட ஆளுகிட்ட மட்டும் அந்த வண்டியக் குடுத்துறாதீங்க. அது போற ரோட்டுல எத்தன ஊடு இருக்குது, எத்தன புள்ளைங்க பள்ளிக்கொடம் போவுது. நல்லாப் பயப்படற ஆளாப் பாத்துக் குடுங்க" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சாவியை எடுக்கச் சட்டைப்பைக்குள் விட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

பெரியோர்களே, தோழர்களே, இந்த மாதிரி ஒரு தகுதி கேட்டு எந்த வேலைக்கும் ஆள் எடுத்து நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்தத் தகுதியில் இந்த மண்டபத்தில் என்னை மிஞ்ச ஒருவரும் இல்லை. அண்ணன் தீர்த்தகிரி அவர்கள் விட்டுச்சென்ற பணியை நான் தொடர்கிறேன். அந்த வண்டியை நானே எடுக்கிறேன். முதலாளி அவர்களே, சபையறியச் சொல்லிவிடுகிறேன்: வழியில் நிற்பேன், அடிக்கடி நிற்பேன். நீங்கள் போன் செய்வீர்கள். என்னிடம் சொல்ல ஒரு காரணமும் இருக்காது. வாய்க்கு வந்தபடி திட்டுங்கள். அந்தத் திட்டை வாங்கிக்கொள்ள நான் உயிரோடு இருப்பேன்.