மாமன் மடி

காலை பத்து நாற்பதுக்கு டாக்டர் வெளியே வந்தார். "அட்டாக் வந்த குழாயில முந்தாநாளே ஸ்டென்ட் வச்சாச்சு. இன்னும் ரெண்டு குழாயில அடைப்பு இருக்கு. விட்டா மறுபடியும் அட்டாக் வரலாம். அதையும் முடிச்சிட்டே வீட்டுக்கு அனுப்புறோம்." தகராறு அங்கே தொடங்கியது.

என் மகளின் எக்கோ ரிப்போர்ட்டுக்காக வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இந்தப் பக்கம் நோயாளியின் தங்கை, அந்தப் பக்கம் அவர் மனைவி.

"வெள்ளிக்கிழமை நார்த்தாமலையில எம் மகனுக்குக் காதுகுத்து, மதினி. தாய்மாமன் மடியில உக்கார வைக்காம எப்படிக் குத்துறது?"

"மடி மட்டும் போதும்னா கேட்டுப் பாக்குறேன், தனியாக் குடுத்துவிடுவாங்களான்னு."

"அண்ணன் நல்லாத்தானே பேசுது. மிச்சத்த அடுத்த மாசம் பாத்துக்கிட்டா என்ன?"

"முந்தாநாளு விழுகுற வரைக்கும் நல்லாத்தான் பேசுனாரு. ஒங்க பந்தலப் பத்தித்தான்."

"பத்திரிகை குடுத்தாச்சு, மதினி. கெடாவும் சொல்லியாச்சு."

"நாள் தள்ளிப்போனா கெடாவுக்கும் சந்தோசந்தான்."

அப்போது சக்கர நாற்காலியில் நோயாளியே வந்து சேர்ந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும். தங்கையைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"ஒம் மகனுக்கு ஒரு காத மட்டும் குத்திட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவியா, ஆத்தா?"