வீரையனின் சிவப்பு ஹெல்மெட்

வெயில் நாளில் ஃபைபர் வார்க்கிற ரெசின் பிசின் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் காலையிலேயே வார்ப்பு வேலையை முடித்துவிடுவது என் வழக்கம். நீடாமங்கலத்தில் பதினாலு வருஷமாக ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறேன், சார். தண்ணீர்த் தொட்டி, தேருக்குக் குதிரை எல்லாம் செய்தேன். ஹெல்மெட் கட்டாயம் என்று அரசாங்கம் சொன்ன பிறகு வேறெதற்கும் நேரமில்லை.

இறுகிய ஃபைபரை ஓங்கி அடித்தால் வெளியே விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். மரச்சுத்தியால் ஒரே இடத்தில் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தால் பெயின்டில் கீறல்கூட விழாது. உள்ளே அடுக்கடுக்காக விட்டுப்போயிருக்கும். அப்புறம் சின்ன மோதல் போதும்.

வீரையன் எங்கள் ஏழு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதவன். அவன் அப்பா என் அப்பாவை 'ஆண்டே' என்பார். இவன் என்னை 'அண்ணே' என்றான். அதில் எனக்கு வருத்தமில்லை, காலம் மாறுகிறது. குத்தகைப் பதிவில் தன் பேரை ஏற்றி, ஒன்பது வருஷம் வழக்காடி, நிலத்தைவிட்டு அவனை வெளியேற்ற முடியாது என்று தீர்ப்பும் வாங்கினான். மறுநாளே பட்டறைக்கு வந்து ஹெல்மெட் கேட்டான்.

"பகையா நெனைக்காதீங்கண்ணே. கோர்ட்டு வேற, நாம வேற."

நியாயமான பேச்சு. திங்கட்கிழமை வரச் சொன்னேன். சிவப்பில் ஒன்றை எடுத்து, இடது காதுக்கு மேலே வரும் இடத்தில் மூன்று நாள் தட்டினேன். அவன் வந்ததும் வாரை நானே இறுக்கிவிட்டேன்.

புதன்கிழமை காலை மதகுப்பாலத்தில் ஏறும்போது அவன் மொபெட் நடக்கிற வேகத்தில்தான் வந்தது. நாணலுக்குள் இருந்தபடி சக்கரத்தில் மூங்கில் கழியைச் செருகினேன். இடப்பக்கம் சாய்ந்து சுவரில் மோதினான். ஹெல்மெட் நான் நினைத்தபடியே பிளந்தது. அவன் சாகவில்லை. ரத்தம் வழிய எழுந்து உட்கார்ந்தவன், என்னைப் பார்த்ததும் நிம்மதியானான்.

"நல்லவேளை, நீங்க வந்தீங்கண்ணே. தூக்கிவிடுங்க."

பெயர்ந்து கிடந்த கல் ஒன்றை எடுத்தேன். பதினொரு அடி. முதலில் என் முழங்கையைப் பிடித்துத் தடுத்தான். நாலாவது அடிக்குப் பிறகு அவன் கை எழவில்லை. மீதி ஏழு எதற்கென்று கேட்டால், வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அவன் மனைவி காத்தாயியிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது, ஒற்றைப் பெண்பிள்ளையாக என்ன செய்வாய், நிலத்தை என்னிடம் விடு, வருஷா வருஷம் சாப்பாட்டுக்கு நெல் அனுப்புகிறேன் என்றேன். அவள் என் முழங்கையில் ஆறாமலிருந்த நகக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வயல நாங்க நட்டுக்கறோம். நீங்க போங்க," என்றாள்.

மறுநாள் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னது அவள்தானாம். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, சார். நல்லது சொன்னால் புரிந்துகொள்ள அவர்களுக்கு இன்னும் கொஞ்சகாலம் ஆகும்.