ஒரு காப்பி நேரம்

ஜன்னல் ஓரத்தில் சூடு கசிகிறது, யாராவது அடைக்கலாமே. இந்த அறைக்குள் வந்ததும் நான் நினைத்தது அதைத்தான். தொழில் புத்தி.

ரைசா, நீங்கள் என் வக்கீல், ஹெல்சிங்கியிலிருந்து வந்திருக்கிறீர்கள். அதனால் எங்கள் வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். லாப்லாந்துக் குளிரில் பழைய கழிவுநீர்ப் பம்பு நிலையங்களின் ஃபேனை நிறுத்திவைப்போம். ஓடவிட்டால் வெளிக்குளிர் உள்ளே புகுந்து குழாய் உறைந்து, சாக்கடை வீடுகளுக்கே திரும்பும். நிறுத்தினால் பம்பு இருக்கும் கிணற்றில் விஷவாயு தேங்கும். அதனால் இறங்குவதற்கு முன் ஃபேனைப் போட்டுவிட்டு, வண்டியில் உட்கார்ந்து காப்பி குடிப்போம். காப்பி முடிந்தால் காற்று சுத்தம். எங்களுக்கு இருந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

ஆற்றங்கரை நிலையம் என்னைவிட மூத்தது. ஏணி துருப்பிடித்துக் கையோடு வரும். பொறுப்பாளர் நான்; நகராட்சிக் கூட்டத்தில் ஆண்டுதோறும் மாற்றச் சொல்லிக் கேட்டேன். ஒருமுறை, "யாராவது செத்தாத்தான் மாத்துவீங்களா?" என்றேன்.

தலைவர் சிரித்தார். "செத்தா உடனே மாத்திடலாம், எல்வி. இப்ப உக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வீட்டுக்குப் போகும் வழியில், அவர் சொன்னது உண்மை என்று தோன்றியது.

தைஸ்தோ என்னோடு வேலை பார்த்தவன். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. யாருக்கும் பெரிய இழப்பு வரக்கூடாது என்று யோசித்துத்தான் அவனைத் தேர்ந்தெடுத்தேன். அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அன்று பம்பு அடைத்துக்கொண்டது. ஃபேனைப் போடுவதாகச் சொல்லி நான் மட்டும் நிலையத்துக்குள் போய்விட்டு வந்தேன். அவனுக்குக் காது மந்தம். குளிரில் காதுக்கருவியைக் கழற்றிவிடுவான்.

"ஃபேன் ஓடுதா, பொண்ணே?"

ஐம்பதைத் தாண்டியவளை அவன் ஒருவன்தான் அப்படிக் கூப்பிடுவான். தலையாட்டினேன்.

வண்டியில் உட்கார்ந்தோம். ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துப் பெரிய துண்டை என்னிடம் நீட்டினான். "தின்னு. காத்தடிச்சா ஸ்வீடன்ல போய் விழுவ."

"வாய மூடிட்டுக் குடி, கெழவா."

நான் அவசரப்படுத்தவில்லை. முழுக் கோப்பையும் குடிக்கவிட்டேன்.

கிணற்று மூடியைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தான். பாதி ஏணியில் நின்று, "நாத்தம் போயிடுச்சு. உன் ஃபேன் பொழச்சுக்கிச்சு," என்றான்.

நாற்றம் போவது காற்று சுத்தமானதால் அல்ல. வாயு மூக்கைக் கொன்றுவிட்டதால். அது அவனுக்கும் தெரியும். ஃபேன் ஓடுகிறது என்று நான் தலையாட்டியிருந்ததால் அந்த நினைப்பு வரவில்லை.

அவன் விழுந்த சத்தம் கேட்ட பிறகு ஃபேனைப் போட்டேன். மீட்க இறங்குகிறவர்களுக்கு ஆபத்து வரக்கூடாதே. பழைய மெஷின், நின்று நின்று ஓடியிருக்கும் என்று எல்லோரும் முடிவுக்கு வந்தார்கள்.

இப்போது புது நிலையம் வந்துவிட்டது. உள்ளே கதகதப்பாக இருக்கும். கதவைத் திறந்தாலே ஃபேன் தானாக ஓடும். திறப்பு விழா முடிந்த மறுநாள் போலீசுக்குப் போனேன். ஃபேனை நான் போடவில்லை என்று மட்டும் சொன்னேன். மற்றதை உங்களிடம்தான் சொல்கிறேன்.

"மறந்துட்டேன்னு சொல்லுங்க, எல்வி," என்கிறீர்கள். "இந்த ஊர்ல எல்லாரும் நிறுத்தி வைக்கிறதுதானே. விபத்துன்னு முடிஞ்சிடும்."

வேண்டாம், ரைசா. மறந்தேன் என்று சொன்னால் தைஸ்தோ வீணாகச் செத்தான் என்று ஆகிவிடும். அவன் பக்கம் பேச என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?