வாங்கோ, சாப்பிடுவம்

'கையை மட்டும் அசைக்காமல் இருந்திருக்கலாம்...'

சயந்தினி இதை எத்தனை முறை நினைத்திருப்பாளோ, கணக்கில்லை. யார் அவள் என்கிறீர்களா? நம் ஞானமணி ஆன்ட்டியின் மருமகள். அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டரில் இருக்கிறாளே, அவள்தான். கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொல்லக்கூடிய கதையில்லை இது.

போன நவம்பர் கடைசி, தேங்க்ஸ்கிவிங் லீவு. டென்மார்க்கின் மேற்குக் கடற்கரை. மாலை ஐந்து மணிக்கே கும்மிருட்டு. மணல்மேடுகளுக்கு நடுவே ஒற்றைச் சாலை... அதன் முடிவில், விடுமுறைக்கு வருகிறவர்கள் வாடகைக்கு எடுக்கும் மரவீடுகள். வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே மாதிரி, எல்லாம் கறுப்பு. கோடையில் குழந்தைகள் கத்தித் தீர்க்கிற இடம். இப்போது ஜன்னல்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. நீச்சல்குளத்தின் மேல் தார்ப்பாய். கொடிக்கம்பத்தில் கயிறு மோதிக்கொண்டே இருந்தது. டிங்... டிங்...

ஒரே ஒரு வீட்டில்தான் விளக்கு. சயந்தினி, கணவன் சிவகரன், நாலு வயது மகள் தர்சனா. டென்மார்க்கிலேயே குடியிருக்கும் சிவகரனின் அண்ணா குடும்பம் மறுநாள்தான் வருவதாக இருந்தது.

சுடுசோறு, மீன்குழம்பு. முதல் வாய் மென்றுகொண்டே சயந்தினி நிமிர்ந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பெண். மழைக்கோட்டு. நனைந்து ஒட்டிய முடி. அவள் பார்த்தது இவர்களை இல்லை... தட்டுகளை.

ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, தான் மட்டும் சாப்பிட சயந்தினியால் முடியாது. அப்படி வளர்ந்தவள். சோறு நிறைந்த வாயோடு கையை அசைத்தாள்.

"வாங்கோ, சாப்பிடுவம்."

யோசிக்கவே இல்லை. வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்தானே பாதிப் பேரை நாம் சாப்பிடக் கூப்பிடுகிறோம்?

"டென்மார்க்காரிக்கு எங்கட தமிழ் விளங்குமே?" சிவகரன் சிரித்தான். "இனிப் பந்தியும் வைக்கப் போறீரோ?"

சயந்தினி மறுபடி பார்த்தபோது வெளியே யாரும் இல்லை.

காலையில், சாப்பாட்டு மேசையில் யாரும் உட்காராத நாலாவது நாற்காலி நனைந்திருந்தது. வீட்டுக்குள் ஊறிப்போன கயிற்றின் நாற்றம்... அழுகிய கடற்பாசியின் நாற்றம். கூரை ஒழுகுது என்றான் சிவகரன்.

பிரிட்ஜ்வாட்டர் திரும்பிய முதல் நாளே அதே நாற்றம். சாப்பாட்டு மேசையைச் சுற்றி மட்டும். தர்சனா பாதிச் சோற்றைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"ஏன் செல்லம், சாப்பிடேல்லையோ?"

"இட்ஸ் ஃபார் ஹெர்."

"ஆருக்கு?"

"அம்மா, யூ டோல்ட் ஹெர் டு கம்."

பாதி, முக்கால் ஆனது. பிறகு முழுத் தட்டும். குழந்தையின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. தூங்கும் குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டால் சயந்தினியின் உதட்டில் உப்புக் கரித்தது.

தினமும் இந்த மேசையின் காலியான நாலாவது நாற்காலிக்கு முன்னால் போய் நிற்பாள். 'எழும்பிப் போ' என்று சொல்ல வேண்டும். நாக்கு எழாது. வீட்டுக்கு வந்தவரைப் போ என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டதை இல்லை என்றும் சொன்னதில்லை. பெற்ற பிள்ளை கண்ணெதிரே தேயும்போதும் இந்த மரியாதை தன்னை விடவில்லையே என்று தன் மீதே அருவருப்பாக இருந்தது. நல்ல குணம் என்று நினைத்ததெல்லாம் வெறும் பயம்தானோ?

ஒரு மாலை. சிவகரனுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. சமையலறையிலிருந்து வந்தவளின் காலில் குளிர் அடித்தது. வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. நிலைப்படியில் தர்சனா. உடம்பில், இவர்கள் வாங்கித் தந்திராத ஒரு மழைக்கோட்டு. கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது.

குழந்தை திரும்பினாள். அதுவரை ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகத் தமிழில் பேசாத குழந்தை...

"அம்மா, அவ எங்களைத் தன்ர வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுறா. நீங்கள்தான் முதல் கூப்பிட்டனீங்களாம். இது அவவின்ர முறையாம். நீங்கள் வராட்டி... என்னை மட்டும் அனுப்பட்டாம்."

சயந்தினி மண்டியிட்டாள். மேல் பொத்தானைக் கழற்றினாள். கோட்டுக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. அடுத்த பொத்தான். இன்னும் தண்ணீர்... மணலோடு. அவள் நிறுத்தவில்லை. மகளின் தோளுக்கு மேலாக, வாசலுக்கு வெளியே இருந்த இருட்டைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்.

"இல்லை. என்ர பிள்ளை வராது."