கடைசிக் கிளை

இரவு பதினொன்றரை. ஆஸ்பத்திரிக்குப் போகும் புறவழிச் சாலை. விளக்குக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன, ஆனால் ஒன்று விட்டு ஒன்றுதான் எரிகிறது. எதிரே ஒரு வண்டியும் இல்லை. ஸ்கூட்டரின் கால்மாட்டில் ஒரு பெயிண்ட் டப்பா. ஒவ்வொரு பள்ளத்திலும் அது... களக்... களக்...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஸ்கூட்டரில் போகிறவள், இன்று இங்கே வராத நம் தோழியின் சித்தி. நாமும் சித்தி என்றே வைத்துக்கொள்வோம்.

சித்தி படம் வரைகிறவள். சில மாதங்களுக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் நீள வராந்தாவுக்குப் படம் வேண்டும். பார்த்தால் நோயாளிக்கு மனசு ஆற வேண்டும். சித்தி சுவரை அளக்க டேப்பை எடுத்ததும் அவர் சிரித்துவிட்டார்.

"சுவத்துல எதுக்கும்மா? ஸ்ட்ரெச்சர்ல மல்லாந்து போறவன் சுவத்தையா பார்ப்பான்? சீலிங்ல போடுங்க. சிவப்பு வேண்டாம். முகம் வேண்டவே வேண்டாம். மருந்து மயக்கத்துல முகத்தைப் பார்த்தா பயந்துடுவாங்க."

பகலில் தியேட்டருக்கு ஓய்வில்லை. அதனால் இரவுகளில் வரைந்தாள். சாரத்தில் மல்லாந்து படுத்து, கழுத்து மரத்துப் போக, ஒரு மாதம். இரண்டு பக்கத்து மரங்களும் மேலே கைகோத்துக்கொண்டதுபோலக் கிளைகள், இலைகள், இடுக்கில் வெளிச்சம். சிவப்பு இல்லை. முகம் இல்லை.

ஆனால் ஒன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தியேட்டர் கதவை ஒட்டிய கடைசிக் கிளையைப் போட்டுக்கொண்டிருந்த இரவு, மனசுக்குள் ஓர் ஆசை எழுந்தது. இத்தனை பேர் இந்த வழியாகத் தனியாகப் போகிறார்களே... மேலே இருந்து யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் தேவலையே. கை இலையைத்தான் வரைந்தது. நினைப்புதான் கிளையில் யாரையோ உட்காரவைத்தது.

யாரது செல்போனை எடுப்பது? வெளிச்சம் வேண்டாம். கீழே வையுங்கள்.

படம் முடிந்து மூன்று வாரம். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. நைட் டியூட்டி சிஸ்டர். குரல் தாழ்ந்திருந்தது.

"முகம் எதுவும் போடலதானே நீங்க?"

"இல்லையே சிஸ்டர். ஏன்?"

"மூணு பேர் கேட்டாங்க. கதவுகிட்ட வரும்போது... மேல யாரு அந்தம்மா, இப்படிக் குனிஞ்சு பார்க்குதேன்னு."

"மத்தவங்க?"

"மத்தவங்களுக்கு இலைதான் தெரியுது. நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க." சிஸ்டர் குரலை இன்னும் தாழ்த்தினாள். "கேட்ட மூணு பேரும் திரும்பி வரலைங்க."

வேறு ஒரு நாளாக இருந்தால் சித்தி இதைச் சிரித்துத் தள்ளியிருப்பாள். ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த வராந்தா வழியாகப் போகப் போகிறவன் அவளுடைய ஒரே தம்பி. இதயத்தில் ஆபரேஷன். "உன் படத்தைப் பார்க்கணும்னா நெஞ்சைப் பிளந்துக்கணும்னு வச்சுட்டியேக்கா" என்று அன்று மத்தியானம்கூடக் கேலி செய்தான்.

அதனால்தான் அந்த இரவு. அந்தச் சாலை. அந்த டப்பா.

சிஸ்டர் கதவைத் திறந்துவிட்டாள். சித்தி ஸ்ட்ரெச்சரில் ஏறி மல்லாந்து படுத்தாள். அட்டெண்டர் தள்ளினார். சக்கரம் கீச்... கீச்... பினாயில் வாசனை. அதற்கு அடியில், பச்சை இலையைக் கசக்கியதுபோல இன்னொரு வாசனை. கடைசிக் கிளைக்கு நேர் கீழே வண்டி நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"நான் நிறுத்தலைங்களே..."

சித்தி கண்கொட்டாமல் பார்த்தாள். இலைகள்தான். அவள் போட்ட இலைகள். வேறொன்றும் இல்லை. இருந்தும், தன் ஆசை அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. ஏணியைப் போட்டு ஏறினாள். கடைசிக் கிளையின்மேல் வெள்ளையைப் பூசினாள். ஒரு தரம். இரண்டு தரம். மூன்று தரம்.

காலை ஏழு மணி. தம்பியின் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

"கண்ணை மூடிக்கோடா."

"ஊரே பார்க்குது. நான் மட்டும் மூடிக்கணுமா?"

அவள் மேலே பார்க்கவில்லை. அவன் உதடுகளையே பார்த்தாள். கேட்டுவிடுவானோ... கேட்டுவிடுவானோ... தலைக்கு மேல் வெள்ளைச் சதுரம் வந்தது. போனது. அவன் எதுவும் கேட்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. சுவரில் சாய்ந்து, இரவெல்லாம் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள்.

ஐந்து மணி நேரம். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டரே வெளியே வந்து சொன்னார்.

மூன்றாம் நாள் தம்பியை வார்டுக்கு மாற்றினார்கள். சித்தி முதுகை ஜன்னலுக்குக் காட்டி, அவன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவன் ஒரு வாய் தண்ணீர் குடித்தான்.

"ஏன்க்கா, கதவுகிட்ட மட்டும் வெள்ளையடிச்சுட்ட?"

"கறை படிஞ்சிருந்துச்சுடா."

"பாவம்க்கா. உட்கார இடமில்லாம அந்தம்மா கீழ இறங்கிடுச்சு."

சித்தியின் கையில் தம்ளர் அப்படியே நின்றது.

"உன்கிட்ட... ஏதாவது சொல்லுச்சா?"

"என்னை எங்க பார்த்துச்சு? உன் தோள்கிட்டயே நடந்து வந்துச்சு. உன்னையேதான் பார்த்துச்சு. கதவு மூடினப்போ அது உள்ள வரலக்கா."

மருந்து மயக்கம். மருந்து மயக்கம்தான். சித்தி மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். ஜன்னல் திறந்திருந்தது, நல்ல வெயில். ஆனாலும் தலையைத் திருப்பவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். மறுநாள் காலை அவருக்கு ஆபரேஷன். மல்லாந்து படுத்திருந்தவர் மெல்லக் கையை உயர்த்தி அட்டெண்டரைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா... இந்தப் பொண்ணு பின்னால நிக்குதே, அந்தம்மாவுக்கும் ஒரு ஸ்டூல் போடேன். வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கு."